விரதம் வீட்டாருக்கு, பத்தியம் ஒருத்திக்கு

உடல் நிறையைக் குறைக்க வேண்டும் என்றோ குருதியில் சீனியின் அளவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றோ வைத்தியர் அறிவுறுத்தியதன் பின்னர், எமது சமூகத்தைச் சேர்ந்த குடும்பத் தலைவி ஒருவர் எதிர்நோக்குகின்ற முதலாவது பிரச்சினை தான் எதைச் சாப்பிடுவது என்பதல்ல, ஏனையோருக்கு எதைச் சமைப்பது என்பதேயாகும். வைத்தியசாலையில் கொடுக்கப்படுகின்ற தாளில் சாப்பிடக்கூடியவையும் கூடாதவையும் இரண்டு நிரல்களில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாளைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுபவரும், அதே கதவைத் திறந்து கணவனுக்கு இறைச்சியையும் பிள்ளைகளுக்கு சொசேஜஸையும் மாமியாருக்குத் தேங்காய்ப்பூவையும் வெளியில் எடுப்பவரும் ஒருவரே என்பது தாளை அச்சிட்டவர்களின் எண்ணத்தில் தோன்றியதாகத் தெரியவில்லை.

மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையில் இருந்தவள் நான். அவற்றில் கணிசமான வருடங்கள் மாதர் பகுதியைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அரசியல் பக்கத்துக்கு வருகின்ற கடிதங்களை விட அதிகமான கடிதங்கள் எமது பகுதிக்கு வருவதுண்டு என்று நான் கூறினால் சக பத்திரிகையாளர்கள் சிலர் நம்ப மறுப்பர். அன்று அவை யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் தபாலில் வந்தன. இன்று வெள்ளவத்தையிலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் ஹரோவிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் மின்னஞ்சலில் வருகின்றன. உணவுக் கட்டுப்பாடு பற்றிய கடிதங்களின் சாராம்சம் மட்டும் மாறவேயில்லை. இரண்டு வாரம் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன், பின்னர் முடியவில்லை, எனக்கு மனவுறுதி போதாது என்பதே அந்தச் சாராம்சம்.

அந்தக் கடைசி வாக்கியத்துடன் எனக்கு என்றைக்குமே உடன்பாடு கிடையாது. யுத்தத்தின் நடுவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்து, பாடசாலைக் கல்வி தடைப்படாமல் அவர்களை வளர்த்து ஆளாக்கிய பெண்களும், பனி கொட்டுகின்ற நாடுகளில் இரண்டு இடங்களில் வேலை செய்து வீட்டுக் கடனை அடைக்கின்ற பெண்களும் ஒரு துண்டு கேக்கின் முன்னால் மட்டும் மனவுறுதியை இழந்துவிடுகின்றார்கள் என்பதை எவ்வாறு ஏற்றுக்கொள்வது? குறைபாடு அவர்களது மனதில் இல்லை. வீட்டின் ஏற்பாட்டில் இருக்கின்றது. உணவுக் கட்டுப்பாட்டை ஒருத்தியின் தனிப்பட்ட விவகாரமாக ஒதுக்கிவிட்டு, முழு வீட்டின் நாவுக்கும் அவளையே பொறுப்பாக்குகின்ற ஏற்பாடு அது.

சமைப்பவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அலுவலகத்தில் வேலை செய்கின்ற ஒருவர் மதியம் அரை மணித்தியாலம் மாத்திரமே உணவுக்கு முன்னால் இருக்கின்றார். சமைப்பவரோ நாளொன்றுக்கு மூன்று நான்கு மணித்தியாலங்கள் உணவின் மணத்திலேயே நிற்கின்றார். உப்புப் பார்க்க ஒரு கரண்டி, புளி பார்க்க இன்னொரு கரண்டி, வடை வெந்துவிட்டதா என்று பார்க்க அரை வடை. இவை எதுவும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்வதில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின்னர் மகனின் தட்டில் பாதி ரொட்டி, மகளின் தட்டில் ஒரு பிடி சோறு, சட்டியின் அடியில் கொஞ்சம் உருளைக்கிழங்குப் பிரட்டல். வீசுவதற்கு மனம் வராது. அதுவும் அவரது வயிற்றுக்கே போகின்றது. அவருக்கென்று வகுக்கப்பட்ட அளவான உணவை அவர் உண்மையாகவே சாப்பிட்டிருப்பார். அதற்கு மேல் மற்றவர்களின் மிச்சத்தையும் சாப்பிட்டிருப்பார்.

உணவை வீசக்கூடாது என்பது எமது மக்களைப் பொறுத்தவரை வெறும் சிக்கனப் பழக்கம் அல்ல. 1990களின் பொருளாதாரத் தடையை அனுபவித்த குடாநாட்டு மக்களும், வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களும், அகதி முகாம்களில் உலர் உணவு அட்டையுடன் காத்திருந்தவர்களும் ஒரு பிடி சோற்றின் பெறுமதியை நன்கு அறிந்தவர்கள். அவ்வாறான ஒரு தாயிடம், பிள்ளை விட்ட சோற்றைக் குப்பையில் போடுங்கள் என்று எந்த உணவு ஆலோசகரும் இலகுவில் கூறிவிட முடியாது. ஆனால், அந்த மிச்சத்தை அடுத்த நாளுக்கு எடுத்துவைப்பதும், முதலில் குறைவாகப் பரிமாறிப் பின்னர் கேட்டால் கொடுப்பதும், தட்டில் மிஞ்சியதை அதற்கு உரியவரே சாப்பிட்டு முடிப்பதும் எந்த வீட்டிலும் சாத்தியமானவையே. மிச்சத்துக்கு உரிய இடம் தாயின் வயிறு என்ற எழுதப்படாத விதி ஒன்று எமது வீடுகளில் இருக்கின்றது. முதலில் மாறவேண்டியது அந்த விதியே.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்குச் சில விபரங்களைக் கூறவேண்டும். இலங்கையில் 2005-2006 காலப்பகுதியில் நடத்தப்பட்டு 2008ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தேசிய அளவிலான ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்தது. நகர்ப்புறங்களில் அது 16.4 வீதமாக இருந்தது. நோயுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாமல் இருந்தனர். யுத்தம் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்த மாகாணங்களில் அன்று மக்கள் உயிரை எண்ணிக்கொண்டிருந்தார்களே தவிர, சீனியை எண்ணவில்லை.

தெற்காசியர்களான எமக்கு இன்னொரு விடயமும் பொருந்துகின்றது. ஐரோப்பியர்களுடன் ஒப்பிடும்போது குறைந்த நிறையிலேயே எமக்கு நீரிழிவும் இருதய நோயும் ஏற்படுகின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில், ஆசிய மக்களைப் பொறுத்தவரை உடற் திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே கவனம் எடுக்கவேண்டும் என்று ஆலோசனை கூறியது. பொதுவான எல்லை 25 ஆகும். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் இடுப்புச் சுற்றளவின் எல்லையாக வகுத்திருக்கின்றது. இப்பொழுது உங்கள் வீட்டில் ஒரு அளவுநாடாவை எடுத்து எல்லோரையும் அளந்து பாருங்கள். பத்தியம் இருக்கவேண்டியவர் தாய் ஒருவர் மாத்திரமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒருவரின் நோய்க்காக முழுக் குடும்பமும் ஏன் வாயைக் கட்டவேண்டும் என்ற கேள்விக்குரிய பதிலும் இதுதான். ஒரே மரபணு, ஒரே அடுப்பு, ஒரே தேங்காய்ப்பால், ஒரே தேநீர்ச் சாடி. தாய்க்கு இன்று வந்திருப்பது பிள்ளைகளின் வாசலில் நாளை நிற்கக்கூடியது. அவரது சமையல் மாறுவது அவர்களுக்கு ஏற்படுகின்ற நட்டம் அல்ல. முற்கூட்டியே கிடைக்கின்ற பாதுகாப்பு.

நாம் கட்டுப்பாடு அறியாத மக்களும் அல்லர். நல்லூரில் கொடியேறினால் 25 நாட்களுக்கு யாழ்ப்பாணத்தின் எத்தனையோ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. கொழும்பில் இருக்கின்ற எமது வீட்டிலும் அதுவே வழக்கம். கேதார கௌரி விரதம் 21 நாட்கள், கந்தசஷ்டி 6 நாட்கள். கத்தோலிக்க வீடுகளில் 40 நாள் தவக்காலம். முஸ்லிம் சகோதரர்கள் ஒரு மாதம் முழுவதும் பகலில் தண்ணீரும் அருந்துவதில்லை. மீன் இல்லாவிட்டால் சோற்றில் கை வைக்காத எனது இளைய மகன் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் 25 நாட்களும் முருங்கைக்காய்க் குழம்பையும் பருப்பையும் முணுமுணுக்காமல் சாப்பிடுவதை வருடாவருடம் பார்த்துவருகின்றேன். திருவிழா முடிந்த மறுநாளே மீன் கேட்பான், அது வேறு விடயம். ஆனால், அந்த 25 நாட்களும் அவனது நாக்கு மாறிவிடுகின்றதா? இல்லை. வீட்டின் விதி மாறிவிடுகின்றது.

விரதம் ஏன் நிலைக்கின்றது, உணவுக் கட்டுப்பாடு ஏன் இரண்டாம் வாரத்தில் உடைகின்றது என்று சிந்தித்தால் சில காரணங்கள் தெளிவாகும். விரதத்துக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கின்றன. மச்சச் சட்டி அன்று அடுப்பிலேயே ஏறாது என்பதால், சமைப்பவர் ஆசையுடன் போராட வேண்டியதில்லை. அயலவரும் உறவினரும் விருந்தோம்பலின் பெயரில் வற்புறுத்துவதில்லை. விரதம் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடுவர். சீனி வருத்தம் என்று சொன்னாலோ, இன்றைக்கு ஒருநாள் மட்டும் சாப்பிட்டால் என்ன என்பார்கள். இறைவனுக்காகக் காட்டுகின்ற மரியாதையில் ஒரு சிறு பங்கையாவது மனைவியின் அல்லது தாயின் உடலுக்குக் காட்டினால் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். விரதச் சாப்பாடு எல்லாம் உடலுக்கு நல்லது என்று நான் கூறவரவில்லை. வடையும் பாயாசமும் மோதகமும் நிறைந்த விரதங்களும் உண்டு. நான் சொல்வது உணவைப் பற்றி அல்ல. வீடு முழுவதும் சேர்ந்து ஒரு விதியைக் காக்கும் முறையைப் பற்றி.

பத்தியம் என்ற சொல்லும் எமக்குப் புதிதல்ல. பிள்ளைப்பேற்றின் பின்னர் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைத்துக் கொடுப்பது எமது பழைய வழக்கம். அந்தக் கறியை அவளே எழுந்து சமைக்கவேண்டும் என்று எந்த வீட்டிலும் எதிர்பார்ப்பதில்லை. தாயோ மாமியோ சமைப்பர். மிளகும் உள்ளியும் மணக்கின்ற அந்தக் கறியில் வீட்டிலுள்ள ஏனையோரும் ஆசையுடன் பங்கு கேட்பர். ஐம்பது வயதில் அதே பெண்ணுக்குப் பத்தியம் தேவைப்படும்போது மாத்திரம் அது அவளது சொந்தப் பிரச்சினையாகிவிடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி நாவுக்கு அடிமைப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவோம். எமது வீட்டின் நிலைவரத்தைச் சொன்னால் வாசகர்கள் பலர் தமது வீட்டையே காண்பார்கள். எனது கணவருக்குச் சிவப்பரிசிச் சோறு ஆகாது. மாமியாருக்கு மெல்லுவது சிரமம் என்பதால் எல்லாம் குழைவாக இருக்கவேண்டும். மகள் மச்சத்தை விட்டுவிட்டாள். இளைய மகனுக்குப் பச்சையாக எது தெரிந்தாலும் அது இலை, இலை என்பது ஆட்டுக்குரியது. சில வருடங்களுக்கு முன்னர் எனது சீனியின் அளவு நீரிழிவின் வாசற்படியில் நிற்பதாக வைத்தியர் சொன்னதன் பின்னர், முதல் முதலாகக் குரக்கன் கலந்த பிட்டை மேசையில் வைத்தபோது கணவர் கேட்ட கேள்வி இது: "இஞ்சேரும், ஆருக்கு வருத்தம்? எங்களுக்கும் ஏன் ஆஸ்பத்திரிச் சாப்பாடு?" இதற்குக் கோபப்படுவதால் பயன் இல்லை. ஆனால், இந்தக் கேள்விக்குப் பணிந்து இரண்டு அடுப்பில் இரண்டு சமையல் செய்யத் தொடங்கினால் எந்தப் பெண்ணும் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க மாட்டாள். களைப்புத்தான் கட்டுப்பாட்டின் முதல் எதிரி, ஆசை அல்ல.

பிள்ளைகளின் அடம் வேறு, பெரியவர்களின் அடம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது. சிறு பிள்ளைகள் புதிய உணவைச் சந்தேகத்துடன் பார்ப்பது இயல்பு. ஒரு மரக்கறியைப் பிள்ளை ஏற்றுக்கொள்வதற்கு முன்னர் பத்துத் தடவையோ அதற்கு மேலேயோ அதைச் சுவைத்துப் பார்க்கவேண்டியிருக்கலாம் என்பது உணவுப் பழக்கம் பற்றிய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்ட விடயம். நாமோ மூன்றாம் தடவையுடன் கைவிட்டு, இவன் பயற்றங்காய் தின்னமாட்டான் என்று ஊரெல்லாம் அறிவித்துவிடுகின்றோம். அந்த அறிவித்தலே பிள்ளையின் அடையாளமாகிவிடுகின்றது. அமெரிக்க உணவியலாளரான எலின் சாட்டர் கூறிய ஒரு முறை எனக்கு நியாயமாகப் படுகின்றது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கவேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். வற்புறுத்தலும் வேண்டாம், தனிச் சமையலும் வேண்டாம். மேசையில் பிள்ளைக்குப் பழக்கமான ஒன்று எப்போதும் இருந்தால் போதும்.

வளர்ந்தவர்களின் விடயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே எழுத விரும்புகின்றேன். அறுபது வயது மனிதர் ஒருவர் சிவப்பரிசியை உண்ண மறுப்பதைப் பிள்ளையின் அறியாமையுடன் ஒப்பிட முடியாது. அது பெரும்பாலும் நாக்கின் பிரச்சினையும் அல்ல. என் வீட்டில் என் விருப்பப்படி சமைக்கவேண்டும் என்ற அதிகாரத்தின் பிரச்சினை. அதே மனிதர் வெளிநாட்டில் மகனின் வீட்டுக்குப் போனால் காலையில் பாலும் தானியமும் கரைத்துக் கொடுத்ததை வாய்திறவாமல் சாப்பிடுகின்றார். தன் மனைவியின் குசினியில் மாத்திரம் அவருக்கு நாக்குத் தடித்துவிடுகின்றது. வயோதிபத் தாய்மாரின் நிலை வேறு. பல் இல்லாதவருக்குக் குழைவான உணவு தேவைதான். அது அடம் அல்ல, தேவை. அடத்தையும் தேவையையும் பிரித்துப் பார்த்தாலே சமைப்பவரின் சுமை பாதியாகும்.

ஒரே சமையலில் எல்லோரையும் எவ்வாறு திருப்திப்படுத்துவது? எமது சோறு, கறி முறையைப் போல இதற்கு வசதியான உணவு முறை உலகில் குறைவு என்பது எனது அபிப்பிராயம். கறிகள் நடுவில் இருக்க அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்வதே எமது வழக்கம். மாற்றவேண்டியது தட்டின் கணக்கை மாத்திரமே. சோறு மலையாகவும் கறி அதன் அடிவாரத்தில் ஒரு துளியாகவும் இருப்பது வழமை. தட்டின் பாதியை வறை, கீரை, சம்பல், பச்சடி போன்றவற்றுக்கும், கால் பங்கை மீன், முட்டை, பருப்பு அல்லது கடலைக்கும், மீதிக் கால் பங்கைச் சோற்றுக்கும் கொடுத்தால் தனிச் சமையல் தேவைப்படாது. சோற்றை அகப்பையால் அள்ளாமல் ஒரு சிறு கிண்ணத்தால் அளந்து போடுவது எனது பழக்கம். கிண்ணம் பொய் சொல்லாது.

குழம்பு இறக்குவதற்கு முன்னர் முதற்பால் விடுவது எமது சமையலின் இயல்பு. இரண்டாம் பாலில் கறி வெந்தவுடன் எனது பங்கை ஒரு சிறு சட்டியில் எடுத்து வைத்துவிட்டு, அதன் பின்னரே மற்றவர்களுக்காக முதற்பால் விடுகின்றேன். அடுப்பு ஒன்று, கறி ஒன்று, வேலை அரை நிமிடம். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைக்கின்ற நாட்களைக் குறைத்து, சுட்டுச் சம்பல் போடுகின்ற நாட்களைக் கூட்டினேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கின்றது. பொரித்த கத்தரிக்காய் எத்தனை கரண்டி எண்ணெயைக் குடிக்கும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். குரக்கன் மாவை அரிசி மாவுடன் முதலில் கால் பங்காகவும் பின்னர் பாதியாகவும் கலந்தேன். எந்த வாரத்தில் பாதியானது என்று கணவருக்கு இன்றுவரை தெரியாது.

இவ்விடத்தில் எமது மக்களிடையே நிலவுகின்ற சில தவறான நம்பிக்கைகளையும் சுட்டிக்காட்டுதல் பொருத்தமானது. குரக்கனில் கல்சியமும் நார்ச்சத்தும் அதிகம் என்பது உண்மை. ஆனால், அதுவும் மாப்பொருளே. குரக்கன் பிட்டு என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். பனங்கட்டி எமது மண்ணின் சொத்து என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆயினும், குருதியில் போய்ச் சேரும்போது அதுவும் சீனியாகவே சேருகின்றது. சிவப்பரிசி வெள்ளையரிசியை விட நல்லது, அளவில்லாமல் சாப்பிட்டால் அந்த நன்மை போய்விடும். தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 2000 கலோரி உண்பவருக்கு நாளாந்தச் சீனி 50 கிராமுக்கு, அதாவது ஏறத்தாழ 12 தேக்கரண்டிக்கு மேற்படக்கூடாது. அதன் பாதியாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கரண்டி சீனி போட்டு நாளொன்றுக்கு ஐந்து தடவை தேநீர் குடிப்பவர் சாப்பாட்டு மேசைக்கு வருவதற்கு முன்னரே 10 கரண்டியை முடித்துவிடுகின்றார். நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைத் திடீரெனக் குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், வைத்தியருடன் பேசாமல் எதையும் செய்தல் ஆகாது.

மனம் சோர்ந்துபோவதற்கு இன்னுமொரு காரணம் தராசு. ஒரு மாதம் கஷ்டப்பட்டும் முள் அசையாவிட்டால் எல்லாம் வீண் என்று கைவிட்டுவிடுகின்றார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது சென்னையில் நடைபெற்ற ஒரு ஆய்வைப் பற்றித்தான். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடத்தப்பட்டு 2006ஆம் ஆண்டு வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் பங்குபற்றினர். உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களில் நீரிழிவு ஏற்படும் ஆபத்து மூன்று வருடங்களில் 28.5 வீதத்தால் குறைந்திருந்தது. கவனிக்கவேண்டிய விடயம் என்னவென்றால், அவர்களது உடல் நிறையில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி ஏற்படவில்லை. தராசு அசையாமல் இருந்தபோதும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது. எனவே, இடுப்பின் அளவு, மாடிப்படி ஏறும்போது வாங்குகின்ற மூச்சு, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டுகின்ற எச்பிஏ1சி பரிசோதனை ஆகியவற்றையும் அளவுகோல்களாகக் கொள்ளுங்கள். தராசை நாள்தோறும் பார்ப்பதை விட வாரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது மனதுக்கு நல்லது.

கல்யாண வீடுகளும் தீபாவளியும் சித்திரைப் புத்தாண்டும் வரத்தான் செய்யும். ஒருநாள் பலகாரம் சாப்பிட்டதால் மூன்று மாத முயற்சி அழிந்துவிடுவதில்லை. அதற்குப் பின்னர், உடைந்தது உடைந்துதானே போச்சு என்று அந்த வாரத்தையே கைவிடுவதுதான் அழிக்கின்றது. விரதத்தில் தவறு நேர்ந்தால் மறுநாள் குளித்து மீண்டும் தொடங்குகின்றோம் அல்லவா? அதே மனநிலை இங்கும் போதும். வேண்டுமானால் விரதத்தைப் போலவே இதற்கும் ஒரு காலத்தை வகுத்துக்கொள்ளலாம். வாழ்நாள் முழுவதும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். 21 நாட்கள் முழு வீடும் சீனியில்லாத் தேநீர் என்று தொடங்கிப் பாருங்கள். அதன் பின்னர் பழைய தேநீர் பலருக்குத் தெவிட்டும்.

உணவுக் கட்டுப்பாடு என்பது வசதி படைத்தவர்களின் பேச்சு என்ற விமர்சனத்தையும் நான் அறிவேன். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை முந்திய வருடத்தை விட 94.9 வீதத்தால் உயர்ந்திருந்தது. எரிவாயுவுக்கு வரிசையில் நின்று, ஒரு வேளையைக் குறைத்த குடும்பங்கள் இந்த நாட்டில் இருந்தன. அவ்வாறான வீட்டில் முதலில் தன் பங்கைக் குறைப்பவளும் சமைக்கின்ற பெண்ணே. மீன் பிள்ளைகளுக்கு, முட்டை கணவனுக்கு, அவளுக்குச் சோறும் சம்பலும். வறுமையில் அவளுக்கு வெறும் மாப்பொருளும், வசதி வந்தபோது மற்றவர்களின் மிச்சமும். இரண்டு காலத்திலும் அவளுடைய தட்டைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை என்பதுதான் நான் சொல்லவருகின்ற விடயம். முருங்கையிலையும் வல்லாரையும் பயறும் விலை கூடிய உணவுகள் அல்ல. அவற்றில் அவளுக்கும் சம பங்கு இருக்கவேண்டும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழ்கின்ற சகோதரிகளுக்கு வேறொரு சிக்கல். வேலை முடிந்து இருட்டில் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகளுக்குப் பாஸ்தாவும் பீட்சாவும், கணவருக்குச் சோறும் குழம்பும், தனக்கு ஏதோ ஒன்று என மூன்று சமையல். நேரமில்லாதபோது கொத்துரொட்டிக் கடையே கைகொடுக்கின்றது. இங்கே தீர்வு இன்னொரு சமையற் குறிப்பு அல்ல, இன்னொரு கை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் மரக்கறி வெட்டி, பருப்பும் கடலையும் அவித்து வைத்தால் வாரம் முழுவதும் சமையல் இலகுவாகும். தானே வெட்டிய கரட்டைச் சாப்பிட மறுக்கின்ற பிள்ளைகள் குறைவு என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கின்றேன்.

எனக்குக் கடிதம் எழுதுகின்ற பெண்களிடம் மனவுறுதியை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் இனிமேலும் கூறப்போவதில்லை. அது அவர்களிடம் தேவைக்கு அதிகமாகவே இருக்கின்றது. அவர்களது வீட்டில் இருக்கின்ற ஆண்களிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கின்றேன். இன்றைக்கு என்ன கறி என்று கேட்பதற்கு முன்னர், நீர் இன்றைக்கு என்ன சாப்பிடப் போகின்றீர் என்று ஒரு தடவை கேளுங்கள். அதற்கு அவர் சொல்வதையே உங்களுக்கும் போடச் சொல்லுங்கள். நல்லூர் முருகனுக்காக 25 நாட்கள் மீனை விட முடிந்த உங்களால் இது முடியாத காரியம் அல்ல.